தட்டிப் பார்த்தல்

வலது கையை மடித்துத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். டெக்னீஷியன் பெண் விலா எலும்புகளுக்கு நடுவில் ஜெல்லைத் தடவி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு முனை கொண்ட ஒரு கருவியை அங்கே அழுத்திப் பிடித்துப் பொத்தானை அமுக்கினார். டொக். யாரோ விரலால் சுண்டியது போலிருந்தது. வலி இல்லை. மறுபடியும் டொக். இப்படிப் பத்துத் தடவைக்கு மேல். ஐந்து நிமிடத்தில் "முடிஞ்சிருச்சு சார், துடைச்சிக்கோங்க" என்று டிஷ்யூ காகிதத்தை நீட்டினார்.

கையில் வந்த தாளில் இரண்டு எண்கள் இருந்தன. 8.6 கிலோபாஸ்கல். 291 டெசிபெல் பெர் மீட்டர். இன்ஜினியரிங் படித்தவன் என்பதால் இரண்டு அலகுகளும் எனக்குப் பழக்கம். பாஸ்கலைத் திரவ இயக்கவியல் பாடத்திலும் டெசிபெலை சிக்னல்ஸ் பாடத்திலும் அரியர் வைக்காமல் தாண்டியிருக்கிறேன். ஆனால் என் ஈரலைப் பற்றி யாரோ பாஸ்கலில் பேசுவார்கள் என்று நினைத்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். அது சில மாதங்கள் நீண்ட வாசிப்பாக ஆகிவிட்டது. இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் விளைவு.

அங்கே போனதற்குக் காரணம் ஆபீசில் வருடா வருடம் நடக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப். அதில் 'ஃபாட்டி லிவர், கிரேடு 1' என்று வருவது எங்கள் தொழிலில் ஜாதகத்தில் நட்சத்திரம் மாதிரி. எங்கள் டீமில் பதினோரு பேரில் ஏழு பேருக்கு உண்டு. மதியச் சாப்பாட்டு மேஜையில் ஒருவருக்கொருவர் கிரேடைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் 345 ஐ.டி. ஊழியர்களைப் பரிசோதித்து 2025-இல் வெளியான ஓர் ஆய்வில், 84 சதவீதம் பேருக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்திருந்தது. அதைப் படித்தபோதும் சிரித்தோம். இந்த வருடம் கிரேடு 2 என்று வந்தது. அப்போது எனக்குப் பெரியப்பா நினைவு வந்துவிட்டது.

பெரியப்பா தென்காசிப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியர். 2004-இல் சிரோசிஸில் இறந்தார். குடித்ததே இல்லை. வெற்றிலைகூடக் கிடையாது. சர்க்கரை இருந்தது, தொப்பை இருந்தது, ராத்திரி எட்டு இட்லி சாப்பிடும் பழக்கம் இருந்தது. வயிறு வீங்கி மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" பெரியப்பா இல்லை என்றார். டாக்டர் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். ஊரில் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவேயில்லை. பதிலை அவர்களே வைத்துக்கொண்டார்கள். வாத்தியார் கமுக்கமாகக் குடிச்சிருக்கார், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. குடும்பத்தில் இங்கிலீஷ் மீடியம் படித்தவன் நான் ஒருவன்தான். டிஸ்சார்ஜ் சம்மரியை என் கையில் கொடுத்து "என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுய்யா" என்றார் பெரியம்மா. அதில் 'கிரிப்டோஜெனிக் சிரோசிஸ்' என்று இருந்தது. முதல் வார்த்தை என்னிடமிருந்த அகராதியில் இல்லை. "ஈரல் கெட்டுப்போச்சுன்னு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டேன். அந்த வார்த்தையைக் கடைசியில் பார்க்கலாம்.

தட்டிப் பார்ப்பது நமக்குப் புதிது கிடையாது. தேங்காய் வாங்கினால் சுண்டுவோம். பலாப்பழத்தைத் தட்டுவோம். மண்பானையை வாங்கும்போது கணீர் என்கிறதா, விரிசல் ஓசை வருகிறதா என்று பார்ப்போம். வெட்டிப் பார்க்காமல் உள்ளே இருப்பதை அறிய, வெளியிலிருந்து ஓர் அதிர்வை அனுப்பி என்ன திரும்பி வருகிறது என்று கேட்பதுதான் மனிதன் கண்டுபிடித்த பழைய வழி. மருத்துவத்துக்குள் அதைக் கொண்டுவந்தவர் லியோபோல்ட் ஔவன்ப்ரூகர் என்ற ஆஸ்திரிய மருத்துவர். கிராட்ஸ் நகரில் சத்திரம் நடத்தியவரின் மகன். மதுப் பீப்பாயைத் தட்டி எந்த மட்டம் வரை மது இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைச் சிறுவயதில் அப்பாவிடம் பார்த்திருப்பார் என்று சொல்வார்கள். அதையே மனித மார்பில் செய்து பார்த்து, 1761-இல் லத்தீனில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் அதை 1808-இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் தட்ட ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு ஔவன்ப்ரூகர் இறந்துபோனார். இடையில் மனிதர் சும்மா இருக்கவில்லை; மொஸார்ட்டின் போட்டியாளராகச் சினிமாவில் நாம் பார்த்த சாலியேரிக்கு ஓர் இசை நாடகம்கூட எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்றும் டாக்டர் நம் வலது விலாவின் மேல் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டுகிறாரே, அது இந்தச் சத்திரக்காரர் மகனின் கொடைதான். நுரையீரல் மேல் தட்டினால் காற்றோசை. கீழே இறங்கி ஈரல் தொடங்கும் இடத்தில் ஓசை மந்தமாகும். எல்லை தெரியும், அளவு தெரியும். விளிம்பு விலாவுக்குக் கீழே தட்டுப்பட்டால் அது மெத்தென்று இருக்கிறதா கடினமாக இருக்கிறதா என்று விரல் சொல்லும். ஆனால் விரலுக்குத் தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

தமிழில் இதற்குக் கல்லீரல் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். பக்கத்திலேயே மண்ணீரல். ஒன்று கல், ஒன்று மண். நல்ல ஈரல் கல்லாக இருப்பதில்லை. அது மெத்தென்றுதான் இருக்கும், கறிக்கடையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நோயுற்ற ஈரல் உண்மையிலேயே கல்லை நோக்கிப் போகிறது. அடிபட்ட செல்களின் இடத்தில் நார்ப்பொருள் படிகிறது. காயம் ஆறிய தோலில் தழும்பு தடித்துக் கிடப்பது போலத்தான். தழும்பு மேல் தழும்பு விழுந்து, ஈரல் முடிச்சு முடிச்சாகச் சுருங்கிவிட்டால் அதுதான் சிரோசிஸ். அந்தப் பெயரை 1819-இல் வைத்தவர் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் லென்னெக். அவர் பார்த்தது நிறத்தை. பழுப்பு மஞ்சளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரை எடுத்தார். வைத்தியரின் கண்ணுக்கு நிறம் பட்டது, நம் ஆளுக்குக் கடினம் பட்டது. கடினம்தான் சரியான அளவுகோல் என்று தெரிய இன்னும் 180 வருடங்கள் ஆயின.

அதுவரை ஊசி.

உயிரோடு இருப்பவரின் ஈரலிலிருந்து ஊசியால் துளி எடுத்தவர்களில் முதலாமவராக ஜெர்மனியின் பால் எர்லிக்கைச் சொல்வார்கள், 1883-இல். சர்க்கரை நோயாளிகளின் ஈரலில் கிளைக்கோஜன் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. ஆனால் அது நோயறியும் முறையாக ஆனது இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான். போரில் குண்டை விடவும் மஞ்சள் காமாலை தளபதிகளுக்குப் பெரிய தலைவலி. லண்டனின் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஜான் மக்மைக்கேலுடன் வேலை செய்த ஷீலா ஷெர்லாக் என்ற இளம் மருத்துவர், காமாலை நோயாளிகளின் ஈரலில் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்து, உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுதினார். அதுவரை காமாலை என்றால் பித்தநாளத்தில் சளி அடைத்துக்கொள்வது என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஷெர்லாக் பின்னால் 1959-இல் பிரிட்டனின் முதல் பெண் மருத்துவப் பேராசிரியர் ஆனார். அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியின் ஜோர்ஜியோ மெங்கினி, ஊசி ஈரலுக்குள் ஒரே ஒரு வினாடி மட்டும் இருக்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு பயாப்சி உலகம் முழுக்கப் பரவியது.

பயாப்சி பற்றி எனக்கு மரியாதை உண்டு. ஆனால் டேட்டாவோடு வாழ்பவன் என்பதால் ஒரு விஷயம் உறுத்தியது. ஈரலின் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஊசியில் வரும் துணுக்கு அதில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஐம்பதாயிரம் வரிகள் கொண்ட லாக் ஃபைலில் ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டு சர்வர் நலமாக இருக்கிறது என்று நான் சொன்னால் என் மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தழும்பு ஈரலில் சமமாகப் படிவதும் இல்லை. ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 124 பேருக்கு ஈரலின் வலது மடலிலும் இடது மடலிலும் தனித்தனியே துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள், 2002-இல் வெளியான ஆய்வு. மூன்றில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் குறைந்தது ஒரு நிலை வித்தியாசம். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே ஈரல்! போதாததற்கு வலி, ரத்தக் கசிவு, மிக அரிதாக மரணம். ரத்தம் சரியாக உறையாதவர்களுக்கும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் விலா வழியே ஊசி போடவே தயங்குவார்கள். பெரியப்பாவுக்கு இரண்டும் இருந்தது. அவருக்கு பயாப்சி செய்யவில்லை.

"ஸ்கேன்தான் இருக்கே, அதில் தெரியாதா?" என்று நானும் கேட்டேன். வயிற்று ஸ்கேன் மருத்துவத்துக்கு வந்ததே ஒரு தொழிற்சாலை வழியாகத்தான். கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், 1955-இல் அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவிலிருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் கம்பெனிக்குப் போனார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று மீயொலியால் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைக் கொடுத்தார்கள். நீர்க்கட்டியும் சதைக்கட்டியும் திரையில் வேறு வேறு எதிரொலி கொடுத்தன. டாம் பிரௌன் என்ற இளம் இன்ஜினியரோடு சேர்ந்து அதை அவர் மருத்துவக் கருவியாக்கினார்; 1958-இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. பானையில் விரிசல் பார்ப்பதும் வயிற்றில் குழந்தை பார்ப்பதும் ஒரே வேலைதான் என்பது எனக்கு ரொம்பப் பிடித்துப்போன விஷயம்.

ஆனால் இந்த ஸ்கேனுக்கு ஒரு குறை உண்டு. மீயொலி என்பது அமுக்க அலை. தண்ணீரை எவ்வளவு அமுக்க முடியும் என்பதைப் பொறுத்தே அதன் வேகம். நம் மென்திசுக்கள் எல்லாமே முக்கால்வாசி தண்ணீர். அதனால் மெத்தென்ற ஈரலிலும் சரி, தழும்பேறிய ஈரலிலும் சரி, அது வினாடிக்கு ஏறக்குறைய 1540 மீட்டர் வேகத்தில்தான் போகும். கொழுப்பு இருந்தால் படம் வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்பை வைத்துத்தான் கிரேடு 1, கிரேடு 2 என்கிறார்கள். தழும்பு எவ்வளவு என்று அது சொல்லாது. எங்கள் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் ஒப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது கொழுப்பின் அளவை மட்டும். ஆளைக் கொல்வது தழும்பு.

தழும்பைத் தெரிந்துகொள்ள வேறு வகை அலை வேண்டும். அந்த அலையின் கதை அஸ்ஸாமில் இருக்கிறது.

1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டம் அதைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். ஐரோப்பாவிலிருந்த கருவிகளில் அந்த அதிர்வு பதிவானதை ஆராய்ந்தபோது, முதலில் ஓர் அலையும் சற்றுத் தாமதித்து இன்னொன்றும் வந்து சேர்ந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார். முதலாவது அமுக்க அலை, ஒலியைப் போல. இரண்டாவது, கயிற்றை உதறினால் ஓடுமே அதுபோல, பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே போகும் குறுக்கலை. இந்தக் குறுக்கலைக்கு ஒரு குணம் உண்டு. அதன் வேகம் பொருளின் விறைப்பைப் பொறுத்தது. திரவத்துக்கு விறைப்பு கிடையாது, ஆகவே திரவத்தில் அது போகவே போகாது. பூமியின் நடுக்கருவைத் தாண்டி இந்த அலை வரவில்லை என்பதை வைத்துத்தான் 1926-இல் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் அந்தக் கரு திரவம் என்று சொன்னார். யாரும் பூமிக்குள் ஊசி போட்டுப் பார்க்கவில்லை.

மனித உடம்பில் இதே குறுக்கலை வினாடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று நடந்துதான் போகும். மெத்தென்ற இடத்தில் மெதுவாக, விறைத்த இடத்தில் வேகமாக. அந்த வேகத்தை அளந்துவிட்டால் விறைப்பு தெரிந்துவிடும். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கி மூன்றால் பெருக்கினால் கிலோபாஸ்கல் கணக்கு வந்துவிடுகிறது. நல்ல ஈரல் 5 கிலோபாஸ்கல். அலை வினாடிக்கு 1.3 மீட்டர், காலை நடைப்பயிற்சி வேகம். ஹெபடைடிஸ் சி-யில் சிரோசிஸ் என்று எடுத்துக்கொள்ளும் எல்லை 12.5, அலை வினாடிக்கு 2 மீட்டர். கருவி காட்டக்கூடிய உச்சம் 75. அதில் அலை 5 மீட்டர் வேகத்தில் ஓடும். என்னுடைய 8.6-க்குக் கணக்குப் போட்டேன். 1.7 மீட்டர். என் ஈரலில் அலை பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி நடந்திருக்கிறது.

இதைச் செய்து காட்டியவர்கள் பாரிஸில் எஸ்.பெ.சே.ஐ. என்ற சின்ன அறிவியல் கல்லூரியில் இருந்தார்கள். பியர் கியூரி பாடம் எடுத்த இடம். ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான். பியரும் அண்ணன் ஜாக்கும் 1880-இல், படிகத்தை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். பியரின் மாணவர் பால் லாஞ்சுவான் முதல் உலகப் போரில் அதைத் திருப்பிப் போட்டு, குவார்ட்ஸ் படிகத்துக்கு மின்சாரம் கொடுத்து மீயொலி உண்டாக்கி நீர்மூழ்கிகளைத் தேடினார். இன்றைய எல்லா ஸ்கேன் கருவிகளுக்கும் அதுதான் மூதாதை. அதே கல்லூரியில் மத்தியாஸ் ஃபிங்க் தலைமையிலான அலைகளின் ஆய்வகத்தில் ஸ்டெஃபான் காத்லின், லோரான் சான்ட்ரான் போன்ற இளைஞர்கள் 1990-களில் குறுக்கலையைப் படம் பிடிக்க முயன்றார்கள்.

சிக்கல் ஃபிரேம் ரேட்தான். வழக்கமான ஸ்கேன் கருவி வினாடிக்கு ஐம்பது படம் போல எடுக்கும். ஈரலுக்குள் நான்கு சென்டிமீட்டரைக் கடக்கக் குறுக்கலைக்கு வேண்டியது நூறில் மூன்று வினாடி. ஐம்பது ஃபிரேமில் ஒன்றோ இரண்டோ படம்தான் சிக்கும், அதற்குள் அலை போய்விடும். அவர்கள் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். முழுப் படம் வேண்டாம், ஒரே ஒரு கோடு போதும் என்று முடிவு செய்தால் அந்த வேகம் கைக்கு எட்டிவிடுகிறது. எது வேண்டாம் என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி இன்ஜினியரிங் இருக்கிறது. நான் எழுதிய எந்தப் புரோகிராமிலும் இவ்வளவு அழகான விட்டுக்கொடுத்தல் இல்லை.

2001-இல் எக்கோசென்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 2003-இல் முதல் மருத்துவக் கட்டுரையும் ஃபைப்ரோஸ்கேன் கருவியும் வந்தன. எனக்கு டொக் என்று சுண்டியது அதன் அதிர்வு முனை: 50 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு குட்டி நிலநடுக்கம். அதே முனையில் இருக்கும் 3.5 மெகாஹெர்ட்ஸ் மீயொலி உணரி, தோலுக்குக் கீழே 25 முதல் 65 மில்லிமீட்டர் ஆழத்தில் அந்த அலை நடந்து போவதைத் துரத்திப் பிடிக்கிறது. வேகமான அலை மெதுவான அலையைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கிறது. பயாப்சித் துணுக்கைப் போல நூறு மடங்கு பரப்பு இதில் அளக்கப்படுகிறது. பத்து நல்ல அளவீடு கிடைத்த பிறகு சராசரி எடுக்காமல் நடுமதிப்பை எடுக்கிறார்கள். ஒன்றிரண்டு அளவீடு தப்பினாலும் நடுமதிப்பு அசையாது. கூடவே எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்றும் பார்க்கிறார்கள், சிதறல் நடுமதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகம். இரண்டாவது எண்ணான டெசிபெல், மீயொலி கொழுப்பில் எவ்வளவு மங்குகிறது என்பது. அது 2010-க்குப் பிறகு சேர்ந்தது.

வேறு பாதையில் வந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அதே குறுக்கலையை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படமாகக் காட்டி 1995-இல் சயன்ஸ் இதழில் கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் ராஜா முத்துப்பிள்ளை. பழைய பி.டி.எஃப்.பில் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் ஸ்க்ரோல் செய்வதை நிறுத்திவிட்டேன். அந்த முறை ஈரலின் பெரும்பகுதியைப் பார்க்கிறது, பருமனானவர்களுக்கும் நன்றாக வேலை செய்கிறது. எம்.ஆர்.ஐ. செலவுதான் தடை. மூன்றாவது வழி செலவே இல்லாதது: வயது, இரண்டு ஈரல் என்சைம்கள், பிளேட்லெட் எண்ணிக்கை. வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, பிளேட்லெட்டையும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 2006-இல் வந்த இந்தக் கணக்குக்கு ஃபிப்-4 என்று பெயர். 1.3-க்குக் கீழே வந்தால் மோசமான தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. எனக்கு ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 64, பிளேட்லெட் 2 லட்சத்து 10 ஆயிரம். 1.03 வந்தது. இந்த எண்கள் எல்லாம் மூன்று வருடமாக என் ஹெல்த் செக்கப் ஃபைலிலேயே கிடந்தன. ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுத்தர யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

கருவி பிறந்தது ஹெபடைடிஸ் சி-க்காக. அந்த வைரஸ் 1989-இல் அடையாளம் காணப்பட்டது. ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டியிருந்த காலம். அமெரிக்க எஃப்.டி.ஏ. ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுமதி தந்தது 2013 ஏப்ரலில். அதே வருடம் டிசம்பரில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கும் அனுமதி கிடைத்து, ஹெபடைடிஸ் சி சில மாதங்களில் குணமாகும் நோயாகிவிட்டது. எந்த நோய்க்காகக் கருவி வந்ததோ அந்த நோய் பின்வாங்க ஆரம்பித்துவிட்டது. அதற்குள் வரிசையில் புதிய ஆட்கள் நின்றார்கள். என்னைப் போன்றவர்கள்.

புதியவர்கள் என்று சொல்லக்கூடாது. மேயோ கிளினிக்கின் நோய்க்கூறியல் மருத்துவர் யூர்கன் லுட்விக் 1980-லேயே எழுதிவிட்டார். குடிகாரர்களின் ஈரலைப் போலவே இருந்த துணுக்குகள், ஆனால் குடிக்காத 20 நோயாளிகள். பெரும்பாலோர் பருமனானவர்கள், பலருக்குச் சர்க்கரை நோய். அதற்கு அதுவரை பெயர் இல்லை. அவர் வைத்த பெயரே 'குடியால் வராத' என்ற மறுப்பில்தான் தொடங்கியது. நிரபராதி என்பதையே ஒருவரின் பெயராக வைப்பது போல. 2023-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறால் வரும் கொழுப்பு ஈரல் நோய் என்ற பொருளில் புதுப்பெயர் வைத்தார்கள்.

இனி அந்த வார்த்தை. கிரிப்டோஜெனிக் என்றால் மூலம் மறைந்திருப்பது, காரணம் தெரியாதது என்று அர்த்தம். வைரஸ் இல்லை, குடி இல்லை, வேறு எதுவும் சிக்கவில்லை என்றால்தான் அதை எழுதுவார்கள். அமெரிக்காவில் அப்படி எழுதப்பட்ட 70 பேரை ஆராய்ந்து 1999-இல் ஒரு கட்டுரை வந்தது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரையோ பருமனோ இரண்டுமோ இருந்தன. கொழுப்பு ஈரல்தான் உள்ளே எரிந்து சிரோசிஸ் ஆகியிருக்கிறது, கடைசிக் கட்டத்தில் கொழுப்பே கரைந்து தடயம் இல்லாமல் போகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். பெரியப்பா இறப்பதற்கு ஐந்து வருடம் முன்பே இது அச்சில் இருந்தது. முதல் நாள் "எத்தனை வருஷமா?" என்று கேட்ட அந்த மருத்துவமனை, கடைசி நாள் தாளில் 'குடி காரணம் இல்லை' என்பதற்குச் சமமான ஒரு வார்த்தையை எழுதிக் கையில் கொடுத்திருக்கிறது. யாரும் அதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். சொல்லாதது மட்டுமில்லை, கல்லூரிக்குப் போன பிறகு நானும் ஊரைப் போலவே, பெரியப்பா கமுக்கமாகக் குடித்திருப்பார் என்று நம்பினேன். ஒரு முறை ஹாஸ்டலில் நண்பர்களிடம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என் 8.6-க்கு வருகிறேன். 8-க்குக் கீழே என்றால் நிம்மதி, 12-க்கு மேலே என்றால் கவலை, நடுவில் இருப்பது சாம்பல் நிறம். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "டெஸ்டுக்கு முன்னாடி என்ன சாப்ட்டீங்க?" என்றார். மூன்று மணிநேரம் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். நான் வெளியே காத்திருந்தபோது இரண்டு மெதுவடையும் காபியும் சாப்பிட்டிருந்தேன். வடையை ஒரு சாப்பாடாக நான் கணக்கில் எடுப்பதில்லை. சாப்பிட்டதும் ஈரலுக்குப் போகும் ரத்தம் கூடும், ஈரல் விறைக்கும், எண் ஏறும். கருவி ஏமாறும் இடங்கள் இன்னும் உண்டு. காமாலையின் உச்சத்திலும் இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கினாலும் தழும்பே இல்லாமல் எண் எகிறும். தோலுக்கடியில் கொழுப்பு தடிமனாக இருந்தால் அலை போய்ச்சேராது. பெரிய முனை வேண்டும். பிரான்சில் ஐந்து வருடங்களில் செய்த 13,369 பரிசோதனைகளைத் தொகுத்து 2010-இல் வெளியிட்டபோது, 3.1 சதவீதத்தில் அளவே கிடைக்கவில்லை, 15.8 சதவீதத்தில் கிடைத்த அளவை நம்ப முடியவில்லை. வயிற்றில் நீர் கோத்திருந்தால் சாதாரண முனையில் அளக்கவே முடியாது. ஜெஃப்ரீஸின் பூமிக் கரு போலத்தான். திரவத்தில் குறுக்கலை நடக்காது.

பத்து நாள் கழித்து, முந்தைய இரவுக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல் போனேன். 6.3. கொழுப்பு எண் மட்டும் ஏறக்குறைய அங்கேயே இருந்தது. டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. கியூபாவில் 293 பேருக்கு ஆரம்பத்திலும் ஒரு வருடம் கழித்தும் பயாப்சி செய்த ஓர் ஆய்வு இருக்கிறது, 2015-இல் வெளிவந்தது. எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியிருந்தது. எனக்கு அது எட்டரைக் கிலோ.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மாவிடம் அந்த ஃபைலைக் கேட்டேன். டிரங்குப் பெட்டியில் பெரியப்பாவின் சர்வீஸ் புத்தகத்தோடு பத்திரமாக இருந்தது. இருபத்தொரு வருடம் கழித்து அந்த வரியை மறுபடி படித்து, இந்த முறை அர்த்தம் சொன்னேன். காரணம் தெரியலைன்னு எழுதியிருக்காங்க பெரியம்மா, குடின்னு எழுதல. இப்ப காரணமும் தெரியும். சர்க்கரையிலயும் உடம்பு பெருத்தும் வர்றது. எனக்கே கொஞ்சம் இருக்கு.

அவர் தாளை வாங்கி அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார். "ஒனக்குத் தட்டிப் பாத்தாகன்னியே, அந்த மிசினு அப்பமே இருந்துச்சாய்யா?"

"இருந்துச்சு பெரியம்மா. ஒரு வருஷம் முன்னாடிதான் வந்திருந்துச்சு. பாரிஸ்ல."

"அவ்வளவு தூரத்துலயா" என்றார். பிறகு தாளை மடித்துப் பெட்டியில் வைத்தபடி, அண்ணனுக்கும் நாற்பத்தி மூணு ஆகிருச்சே, அவனுக்கும் சர்க்கரை வந்திருச்சே, இப்ப அது திருநெல்வேலியில இருக்கா என்று கேட்டார். விசாரித்ததில் இருந்தது. அண்ணனுக்கு வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வடையும் சாப்பாடுதான் என்று இரண்டு தடவை போன் பண்ணிச் சொல்லியிருக்கிறேன்.